மீன் ஏறாமல் வெளிக்கிடாத பஸ்

பஸ் கொண்டக்டர் வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை; ஆனால் மற்ற ஆக்களை இருக்க வைப்பதில்தான் அதன் கஷ்டம் முழுக்க இருக்கிறது. நீங்களும் பஸ்ஸில் போய் வந்த ஆக்கள்தானே, உங்களுக்குத் தெரியாததா? முன்னால் நிற்கிறவரின் குடைக் கம்பி கன்னத்தில் குத்த, பின்னால் நிற்கிறவரின் மரக்கறிப் பை முதுகில் இடிக்க, "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, நடுவில எவ்வளவு இடம் இருக்குது" என்று கத்துகிறவனை மனதுக்குள் எத்தனை தரம் ஏசியிருப்பீர்கள். அந்தக் கத்துகிறவன் நான்தான். பெயர் நிசார், ஊர் புத்தளம் தில்லையடி. வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தபோது நான் உம்மாவின் இடுப்பில் வந்தேன். அதற்குப் பிறகு என் பயணமெல்லாம் பஸ்ஸின் படியில்தான்.

எங்கட முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு அவர் தொடங்கின கம்பனி ஒற்றை பஸ்ஸோடு பிறந்து, வளர்ந்து, இன்னொரு கம்பனியோடு சண்டை பிடித்து, கடைசியில் சண்டை பிடித்த அந்தக் கம்பனியையே கலியாணம் முடித்துக்கொண்டது. பெரிய ஆக்கள் கந்தோர் மேசையில் இருந்து பார்த்த கதையை அவர்கள் சொல்லட்டும். நான் படியில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

பஸ் படுக்கப் போன ஊர்

ஹாஜியார் கொப்பரா யாவாரி. ஆமி மறிக்கிற சென்றி பொயின்ட் எல்லாம் எடுத்து, ரோட்டுக்குத் தார்க் காப்பட் போட்டு, சனம் பயமில்லாமல் போய் வரத் தொடங்கினதும் ஒரு பழைய பஸ் வாங்கி நீல நிறம் அடித்தார். கல்பிட்டி – புத்தளம் பாதை. டிரைவராக அவருக்குக் கிடைத்தவர், மெயின் ரோட்டை விட்டுக் கடற்கரைப் பக்கம் உள்ளுக்கு இருக்கிற கண்டக்குழியின் சேவியர் அண்ணன். நல்ல கை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: இரவில் பஸ் தன்னுடைய வீட்டு வளவில்தான் நிற்க வேண்டும். லொறி ஓட்டின காலத்தில் கிழமைக் கணக்கில் வீட்டுக்குப் போகாமல் இருந்தவர் அவர். இனி இரவில் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று மனிசி சொல்லிவிட்டாவாம். ஹாஜியாருக்கு வேறு டிரைவர் இல்லை. அப்படித்தான் எங்கட கடைசி ட்ரிப் கண்டக்குழியில் முடிந்தது, முதல் ட்ரிப் கண்டக்குழியில் தொடங்கியது. நான் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துக்கொள்வேன்.

முதல் நாள் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறேன், வாசலில் ஐஸ் போட்டு மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று. பெட்டிக்குப் பக்கத்தில் திரேசா அக்கா. கரையில் மீன் எடுத்துப் புத்தளம் மார்க்கட்டில் விற்கிறவ. அதுவரைக்கும் மீன் லொறியில்தான் போய் வந்தா; லொறிக்காரன் நினைத்த நேரத்துக்குத்தான் பயணம், அவன் சொன்னதுதான் விலை. பஸ்ஸில் மீன் ஏற்றக்கூடாது என்று ஹாஜியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் சொல்லிப் பார்த்தேன். சேவியர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தால் அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்த ஊரில் அன்றைக்கும் இருக்க வேண்டும், அடுத்த நாளும் இருக்க வேண்டும். பெட்டியைப் பின் சீட்டுக்குப் பின்னால் ஏற்றினேன். மத்தியானம் ஹாஜியார் பஸ்ஸுக்குள் வந்து மூக்கைச் சுளித்து, "ஏன் ஏத்தின, மகன்?" என்று கேட்டார். காலையில் அக்கா என்னிடம் சொன்னதையே அவருக்கு ஒப்புவித்தேன்:

"பஸ் சும்மாதானே போகுது, தம்பி. காத்தை ஏத்திக்கொண்டு போறதுக்கு மீனை ஏத்திக்கொண்டு போனா என்ன?"

முன் சீட்

பஸ்ஸில் முன் சீட் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும், தெரியும்தானே. எங்கட பஸ்ஸில் அது படிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றைச் சீட். ஒருநாள் தலவில சேர்ச் திருநாள் நேரம், பஸ்ஸுக்குள் மூச்சு விட இடமில்லை. கல்பிட்டியில் ஏறின மௌலவி அந்தச் சீட்டில் இருந்தார். தலவிலயில் ஒரு ஃபாதர் ஏறினார். மௌலவி உடனே எழும்பி, "ஃபாதர், நீங்க இருங்க" என்றார். "இல்லை இல்லை, நீங்க இருங்க மௌலவி" என்றார் ஃபாதர். இரண்டு பேரும் இருக்கவில்லை. நுரைச்சோலையில் காவி உடுத்த ஒரு ஹாமதுரு, புத்த பிக்கு, ஏறினார். அவருக்கு இரண்டு பேரும் சீட்டைக் காட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார். மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நிற்கிறார்கள், சீட் சும்மா கிடக்கிறது. பஸ்ஸில் வேறு ஆருக்காவது அதில் இருக்க மனம் வருமா?

பாலாவிக்குக் கிட்ட வேலை முடிந்து வந்த மேசன் பாஸ் ஒருவர் ஏறினார். சட்டையெல்லாம் சீமெந்து. ஏறினார், சீட்டைப் பார்த்தார், இருந்தார். நான் குனிந்து, "பாஸ், அது அவங்கட சீட்" என்று காதுக்குள் சொன்னேன். அவர் மூன்று பேரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"மூணு பெரிய மனுசரும் விட்டுத் தந்த சீட், தம்பி. வேணாம் என்டு சொல்ல நான் ஆரு?"

பிளவுஸும் எஞ்சினும்

டிக்கட் கொடுப்பது கொண்டக்டர் வேலையில் பாதி. மற்றப் பாதி பார்சல். மருந்து, மூக்குக்கண்ணாடி, பாடசாலைப் புத்தகம், பிறந்தநாள் கேக் எல்லாம் என் கையால்தான் போகும். பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. "சிவப்புப் பையைக் குறிஞ்சிப்பிட்டியில பள்ளிவாசலுக்கு முன்னால நிக்கிற பிள்ளையிட்ட குடுங்க நானா" என்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் ஒரே புடவைக்கடையின் இரண்டு பைகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் தில்லையடியில் தைத்த கலியாணப் பிளவுஸ், குறிஞ்சிப்பிட்டிப் பெண்ணுக்கு. மற்றதில் போட் எஞ்சினுக்குப் போடுகிற ஏதோ ஒரு வளையம், கண்டக்குழி இஞ்ஞாசி அண்ணனுக்கு. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பெண்ணின் உம்மா போனில் அழுத அழுகையில் என் காது அடைத்துவிட்டது. நான் கண்டக்குழிக்குப் பறந்து போய்ப் பார்த்தால், இஞ்ஞாசி அண்ணன் எஞ்சினைக் கழற்றி மணலில் பரத்தி வைத்துவிட்டு, சரிகை போட்ட பிளவுஸை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஆறுதலாகச் சொன்னார்:

"சாமான் நல்ல சாமான்தான், தம்பி. என்ட எஞ்சினுக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும் போல."

ஆர் முன்னுக்கு?

அல்லாஹ்வின் உதவியால் ஹாஜியாரின் ஒற்றை பஸ் இரண்டாகி, மூன்றாகி, பிறகு புத்தளம் டவுனைச் சுற்றி எங்கு பார்த்தாலும் எங்கட நீல பஸ்தான். சிலாபம் வரைக்கும் போனோம். அங்கேதான் வினை. சிலாபத்து முதலாளி ஒருவரின் மஞ்சள் பஸ்களும் அதே பாதையில் ஓடின. நாங்கள் முன்னுக்குப் போனால் அவர்களுக்கு ஆளில்லை, அவர்கள் முன்னுக்குப் போனால் எங்களுக்கு ஆளில்லை. மஞ்சள் பஸ் கொண்டக்டர் சுனில் என்னை விட நல்லாகத் தமிழில் ஏசுவான். நான் அவனைச் சிங்களத்தில் ஏசுவேன். மரியாதை என்றால் அப்படி.

ஒருநாள் சிலாபத்திலிருந்து ஒரே ஓட்டம். நிறுத்தினால் மற்றவன் முந்திவிடுவான் என்று இரண்டு பஸ்ஸும் எந்த இடத்திலும் நிறுத்தவில்லை. முந்தலில் கைகாட்டின ஒரு பெரியவரை நான் கண்டேன், சுனிலும் கண்டான். ஆருமே ஏற்றவில்லை. புத்தளம் ஸ்டாண்டில் வந்து, ஆர் முன்னுக்கு வந்தது என்று டைம் கீப்பருக்கு முன்னால் நாங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், அந்தப் பெரியவர் ஒரு மரக்கறி லொறியிலிருந்து இறங்கி, உடம்பில் ஒட்டின கோவா இலையைத் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"ரெண்டு கம்பனி பஸ் ஓடுற ரோட்டுல நான் மரக்கறியோட மரக்கறியா வந்திருக்கிறன். உங்கட முதலாளிமாருக்கு என்ட சலாத்தைச் சொல்லுங்க."

ஒரே சஹன்

சலாம் போய்ச் சேர்ந்ததோ என்னவோ, கொஞ்ச நாளில் இரண்டு முதலாளிமாரும் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தார்கள். எங்கட கலியாண வீடுகளில் ஒரு பெரிய தட்டில் சோறு வைத்து, சுற்றி இருந்து சாப்பிடுவோம். அதுதான் சஹன். அவரவர் தன் முன்னால் உள்ள பக்கத்தை மட்டும் சாப்பிடுவதுதான் முறை. ஹாஜியாரும் சிலாபத்து முதலாளியும் ஒரே சஹனில் இருந்தார்கள். டீசல் விலையைப் பற்றிக் கதைத்தார்கள், லீசிங்காரனைப் பற்றிக் கதைத்தார்கள், கடைசி இனிப்பாக வட்டிலாப்பம் வருவதற்குள் இரண்டு கம்பனியும் ஒன்றாகிவிட்டது. ரோட்டையும் சஹன் மாதிரியே பிரித்துக்கொண்டார்கள் என்றுதான் சுனில் சொன்னான். நேற்று வரைக்கும் என் சட்டையைப் பிடித்தவன் அன்றைக்கு எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தான். எனக்குத்தான் அதைக் குடிக்க வெட்கமாக இருந்தது.

பெயர் வைப்பதில்தான் இழுபறி. ஆர் பெயர் முன்னுக்கு? பெயின்ட் அடிக்கிறவர்தான் வழி கண்டுபிடித்தார். பஸ்ஸின் இடப்பக்கத்தில் ஹாஜியாரின் பெயர் முன்னுக்கும், வலப்பக்கத்தில் சிலாபத்து முதலாளியின் பெயர் முன்னுக்கும் எழுதினார். நிறமும் பாதி நீலம், பாதி மஞ்சள். பாலாவியில் ஏற வந்த ஒரு ராத்தா பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு என்னிடம் கேட்டா:

"இந்தப் பக்கத்தால ஏறி அந்தப் பக்கத்துல இருந்தா, தம்பி, நான் டிக்கட் எந்தக் கம்பனிக்கு எடுக்க?"

மணிக்கூடு

இரண்டு கம்பனி ஒன்றானால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு இரண்டு பேர் இருப்பார்கள். அதைச் சரிபண்ண மனேஜர் ஒருவர் வந்தார், நிமல் சேர். குறை சொல்ல முடியாத மனுசன். ஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு, நல்ல தமிழ். ஆனால் கையில் மணிக்கூடு கட்டினவர். எல்லா பஸ்ஸிலும் ஒரு சின்னப் பெட்டி பூட்டினார். பஸ் எங்கே நிற்கிறது என்று அவருடைய போனில் தெரியும். எங்கட கண்டக்குழி பஸ் காலையில் நிற்கிற நிற்பை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

கண்டக்குழி வழமை உங்களுக்குச் சொல்ல வேண்டும். போட் கரைக்கு வந்து, மீன் பிரித்து, திரேசா அக்காவின் பெட்டி ஏறும் வரைக்கும் பஸ் வெளிக்கிடாது. காற்று மாறினால் போட் பிந்தும், பஸ்ஸும் பிந்தும். உள்ளுக்கு இருக்கிற டீச்சரோ ஆஸ்பத்திரிக்குப் போகிறவரோ ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். பாதிப் பேரின் புருசனோ அண்ணனோ தம்பியோ அந்தப் போட்டில்தான் வருகிறான். ஆள் வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்டுவிட்டுப் போனால்தான் அவர்களுக்கும் அன்றைய நாள் நிம்மதி. இதை போனில் எப்படி விளங்கப்படுத்துவது? "ஏன் பஸ் நிக்குது?" என்று சேர் கேட்டார். "மீன் இன்னும் வரேல்ல, சேர்" என்றேன். சேர் போனை வைத்துவிட்டார்.

பிறகு முடிவைச் சொன்னார். கண்டக்குழிச் சந்தி மெயின் ரோட்டில்தானே இருக்கிறது, சனம் அங்கே நடந்து வரட்டும். கல்பிட்டி பஸ் சந்தியில் ஏற்றிக்கொள்ளும். ஆனாலும் ஒருநாள் தானே வந்து பார்ப்பாராம். ஊருக்குள் வந்து எடுக்கிற இந்த உள் ட்ரிப்பில் ஆள் நிறைந்திருந்தால் அது ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். ட்ரிப் நின்றால் அதன் கொண்டக்டரும் வீட்டில் நிற்க வேண்டியதுதான்; ஏற்கெனவே கம்பனியில் கொண்டக்டர்மார் தேவைக்கு மேல். அன்றைக்கே போய் திரேசா அக்காவிடம் சொன்னேன். அவவுக்கு முகம் செத்துப்போயிற்று. சந்தி வரைக்கும் அந்த மணலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் மீன் வெயிலில் அவிந்துவிடும். இல்லாவிட்டால் திரும்பவும் அந்த லொறிதான்.

"அந்த லொறியில திரும்ப ஏறுறதென்டா, தம்பி, நான் அவ்வளவு மீனையும் வீட்டிலயே கருவாடு போடுவன்."

பெரியவர் வந்த நாள்

சேர் வரப்போகிற நாள் தெரிந்ததும் நான் காண்கிற ஆக்களுக்கெல்லாம் சொன்னேன்: "அண்டைக்கு எல்லாரும் ஏறுங்க." சேவியர் அண்ணன் சேர்ச்சில் பூசை முடிய நின்று சொன்னார். ஊர் என்ன கேட்டது தெரியுமா? கம்பனிப் பெரியவர் வருகிறார், அவ்வளவைத்தான் கேட்டது. மற்றது காதில் ஏறவில்லை.

அன்றைக்குக் காலையில் நான் எழும்ப முதலே பஸ்ஸைக் கழுவியிருந்தார்கள். முன் கண்ணாடிக்குக் குருத்தோலைத் தோரணம். முன் சீட்டுக்கு வெள்ளைத் துணி. சேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினதும் தம்பிலி இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு உடுத்திக்கொண்டு முழு ஊரும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. சேர் ஏறி இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு குருவி ஏறவில்லை. நான் இறங்கி ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். "ஏறுங்க அக்கா, உங்களுக்காகத்தானே எல்லாம்" என்று திரேசா அக்காவின் கையைப் பிடிக்காத குறை. "சீ, அவர் இருக்கிற வண்டியில மீனோட ஏறுறதா?" என்றா. பெட்டியை எங்கேயோ ஒளித்தும் வைத்துவிட்டா. திருநாளுக்கு பிஷப் ஆண்டகை வந்தால் அவருடைய வாகனத்தில் வேறு ஆரும் ஏற மாட்டார்கள். அது அந்த ஊரின் மரியாதை. அதையே அவர்கள் பஸ்ஸுக்கும் செய்துவிட்டார்கள். டீச்சர் லீவே போட்டுவிட்டாவாம், பெரியவர் வசதியாகப் போகட்டும் என்று.

பஸ் வெளிக்கிட்டது. ஊர் கை காட்டியது, சேரும் கை காட்டினார். உள்ளுக்கு சேர், சேவியர் அண்ணன், நான். சும்மா கிடந்த சீட்டெல்லாம் குலுங்கின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம். பாலாவி வரைக்கும் நானும் சேவியர் அண்ணனும் மாறி மாறி விளங்கப்படுத்தினோம்: உங்களுக்கு மரியாதைக்குத்தான் ஏறேல்ல, சேர், மற்ற நாளில வந்து பாருங்க, நிக்க இடமில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புத்தளத்தில் இறங்கும்போது என் தோளில் தட்டிச் சொன்னார்:

"ஓம், நிசார். நல்ல மரியாதையான சனம். ஆனா பஸ்ஸுக்கு ஆள் இல்லையே."

சந்தியில்

உள் ட்ரிப்பை நிறுத்திவிட்டார்கள். மாசம் முடியும் வரைக்கும் கல்பிட்டி பஸ்ஸில் நில், பிறகு பார்ப்பம் என்று எனக்குச் சொன்னார்கள். 'பிறகு பார்ப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேவியர் அண்ணன் அரைச் சாமத்தில் எழும்பி சைக்கிளில் கல்பிட்டிக்கு வந்து பஸ் எடுத்தார். கல்பிட்டி பஸ் வேறு மாதிரி. அதில் வருகிறவர்கள் பேங்க் ஆக்கள், கச்சேரிக் கிளாக்மார், ஆஸ்பத்திரி நேர்ஸ்மார், வெள்ளை உடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள். பவுடர் வாசம்தான் அடிக்கும்.

முதல் நாள் கண்டக்குழிச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தினால் அங்கே பாதி ஊர் நிற்கிறது. பெட்டி, கூடை, உரப்பை. விடிய முதலே மணலில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஐஸ் கரைந்து பெட்டியெல்லாம் ஒழுகுகிறது. சந்தியில் நிற்கிற எல்லாரையும் ஏற்ற வேண்டும் என்பது சேரின் சொந்தக் கட்டளை. நான் ஏற்றினேன். ஏற்றி முடிய சேரின் மணிக்கூடு சொன்ன நேரம் எங்கேயோ போய்விட்டது. திருப்பத்துக்குத் திருப்பம் மீன் தண்ணீர் பின்னாலிருந்து முன்னுக்கும், முன்னாலிருந்து பின்னுக்கும் ஓடியது. அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி. திரேசா அக்கா வேண்டுமென்று செய்யவில்லை. அவவுக்கு வேறு வழியில்லை. ஒருநாள் பேங்க் மிஸ் ஒருவர் சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை:

"கவுண்டருக்கு வாற ஆக்கள் என்னட்ட மீன் விலை கேக்கிறாங்க, தம்பி. இதை நான் ஆரிட்டச் சொல்ல?"

இரண்டாம் தரம்

ஆரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமே சொல்லியிருக்கிறார்கள். மிஸ் மட்டுமல்ல, முழு பஸ்ஸும். சேர் என்னைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு உள்ளுக்குப் போய் எடுங்க. நான் திரும்ப ஒருக்கா வந்து பார்ப்பன். அண்டைக்கும் பஸ் சும்மா வந்தா, அதோட முடிஞ்சுது" என்றார். இந்தத் தரம் நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திரேசா அக்காவிடம் மட்டும் சொன்னேன். பூசை முடிந்து சனம் கலைய முதல் அவ எழும்பி நின்று என்ன பேசினாவோ, எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

சேர் வந்த காலையில் தோரணம் இல்லை, தம்பிலி இல்லை. பஸ்ஸுக்குள் மட்டும் சனம். போக வேலை இருக்கிறவர்கள், வேலை இல்லாதவர்கள், கரையில் வலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். இஞ்ஞாசி அண்ணன் மடியில் எஞ்சின் சாமானை வைத்துக்கொண்டிருந்தார், ரிப்பேருக்காம். அந்த எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை என்று எனக்குத் தெரியும். மதகுருமாரின் முன் சீட்டில் ஃபாதரே இருந்தார். சேர் படியில் ஏறி நின்றார். ஒருவரும் எழும்பவில்லை. அது அந்தச் சனத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் முகங்களில் கண்டேன். எல்லாரும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் யன்னலால் கடலைப் பார்த்தார். நடுச் சீட்டில் ஒரு அப்பா பழக்கத்தில் அரைவாசி எழும்ப, அவருடைய மனிசி சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினா.

நான் என் தொழிலைச் செய்தேன். "உள்ளுக்குப் போங்க சேர், நடுவில எவ்வளவு இடம் இருக்குது" என்றேன். போனார். ஸ்திரிக்கை போட்ட சட்டை இரண்டு பேருக்கு நடுவில் நசிந்தது. திரேசா அக்காவின் பெட்டி அவருடைய சப்பாத்தில் ஏறி நின்றது. நுரைச்சோலை வரைக்கும் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் அவர் சுற்றிப் பார்த்து, "சரி, சரி. ட்ரிப் இருக்கட்டும்" என்றார். பஸ்ஸுக்குள் ஒருவரும் கை தட்டவில்லை, மூச்சு விட்டது மட்டும் கேட்டது. திரேசா அக்கா சீட்டில் இருந்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தா. கண் கலங்கியிருந்தது, ஆனாலும் எழும்பவில்லை.

"குறை நினைக்காதீங்க, சேர். போன தரம் உங்களுக்கு மரியாதை செய்து பஸ்ஸைத் துலைச்சம். இந்தத் தரம் புத்தளம் வரைக்கும் நிண்டுகொண்டே வாங்க."

அன்றிலிருந்து எங்கட கம்பனியில் எவ்வளவு பெரியவர் வந்து ஏறினாலும், அவரை நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டு போவதுதான் கண்டக்குழி பஸ் அவருக்குச் செய்கிற மரியாதை.